முகத்தை வீட்டில வைச்சிட்டுப் போ, தம்பி

நாளைக்குக் கார் பார்க்கப் போறியாம். கொம்மா காலமை படலையடியில நிண்டு சொல்லிப்போட்டுப் போறா. கலியாணத்துக்கு முதல் வாசலில ஒரு கார் நிக்கோணுமாம். பொம்பிளை வீட்டுக்காரர் கேக்கேல்லையாம். கேக்காத படியால் கட்டாயம் நிக்கோணுமாம். நல்ல நியாயம். உந்தக் கதிரையில இரு மோனை. பெரியப்பா கொஞ்சம் புத்தி சொல்லுறன். என்ர புத்தியைக் கேட்டு ஆரும் உருப்பட்டதெண்டு ஊரில ஒரு கதையும் இல்லை, அதால பயப்பிடாமக் கேக்கலாம்.

அந்தக் கார் சேல்காரப் பெடியனைக் கள்ளன் எண்டு திட்டிக்கொண்டு போகாதை. நீ போய் இறங்கின உடன பிளேன்ரீ தருவான், ஃபானை உன்ர பக்கம் திருப்பி விடுவான், “அண்ணை எந்தப் பள்ளிக்கூடம்?” எண்டு கேப்பான். கொப்பர் கூட உன்னை இவ்வளவு அன்பா விசாரிச்சிருக்க மாட்டார். விலையைச் சொல்லேக்கதான் உனக்கு நெஞ்சு அடைக்கும். ஆனா அந்த விலையை அவன் தனிய இருந்து செய்யேல்லை. நாடு முழுக்கக் கூடிச் செய்தது. எனக்கும் அதில பங்கு இருக்கு, கொப்பருக்கும் இருக்கு.

2020 பங்குனியில கொரோனா வந்தது. டொலர் வெளிய போகுதெண்டு அரசாங்கம் வாகன இறக்குமதியை நிப்பாட்டினது. கொஞ்ச நாளைக்கு எண்டுதான் சொன்னவை. இந்த நாட்டில ‘கொஞ்ச நாளைக்கு’ எண்டு துவங்கின சாமான் எப்பிடி முடியும் எண்டு எங்களுக்குத் தெரியாதே? 1979இல ‘தற்காலிக ஏற்பாடுகள்’ எண்டு பேர் வைச்சுக் கொண்டு வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் நாப்பது வருசத்துக்கு மேல தற்காலிகமாத்தான் இருக்கு. அந்தக் கணக்கில கார் கெதியா வந்திட்டுது. 2025 மாசி முதலாம் திகதி சொந்தப் பாவனைக் காருக்குக் கதவைத் திறந்தாங்கள். நிப்பாட்டி அஞ்சு வருசம் ஆகக் கொஞ்ச நாள்தான் மிச்சம்.

அந்தக் காலம் முழுக்க, நாட்டுக்குள்ள இருந்த கார்தான் சுத்திச் சுத்தி ஓடினது. ஒரு வாகன் ஆர் சாவகச்சேரியில இருந்து வவுனியாவுக்குப் போகும், அங்க இருந்து நீர்கொழும்புக்குப் போகும், பேந்து புதுச் சீற் கவர் போட்டுக்கொண்டு சாவகச்சேரிக்கே திரும்பி வரும். ரயர் தேஞ்சிருக்கும், கதவு கிறீச்சிடும், பின் சீற்றில ஆற்றையோ பிள்ளை சத்தி எடுத்த கறை இருக்கும். எல்லாத்துக்கும் வயசு போச்சுது, விலைக்கு மட்டும் வயசு போகேல்லை. வாங்கின விலையைப் போல ரெண்டு மடங்குக்கு வித்தவனை எனக்குத் தெரியும். அதுவும் நாலு வருசம் ஓடின பிறகு.

இதுக்கு அவங்கள் சொன்ன நியாயத்தைக் கேள். 2022இல காசு விழுந்துது. 200 ரூபாயில நிண்ட டொலர் ரெண்டு மூண்டு மாசத்தில 360ஐத் தொட்டிட்டுது. உடன கார் சேலுகளில நிண்ட காரெல்லாம் ராவோட ராவா 360 ரூபா டொலரில வந்த காராய் மாறிச்சுது. “அண்ணை, இப்ப ஒண்டை இறக்கினா என்ன விலை வரும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ” எண்டு கேப்பான். அப்ப ஒண்டையும் இறக்கேலாது எண்டு அவனுக்கும் தெரியும், உனக்கும் தெரியும். இறக்கேலாத காருக்கு இறக்கின விலை. அதைக் கேட்டுப்போட்டு நீயும் தலையை ஆட்டுவாய். ஏனெண்டால் கணக்குப் பிழையில்லை. அதுதான் அதில இருக்கிற கெட்டித்தனம்.

உந்தக் கணக்கு எனக்கு உடன விளங்கினது. ஏன் தெரியுமோ? நானும் அதே வேலை செய்தவன்.

நீ பிறக்க முதல், கொப்பர் அரைக் காற்சட்டையோட திரிஞ்ச காலம். 1970இல சிறிமாவோ அம்மா ஆட்சிக்கு வந்து வெளிநாட்டுச் சாமானுக்குப் பூட்டுப் போட்டா. நாடு முழுக்கப் பாணுக்கு வரிசையில நிண்டுகொண்டு அவவைத் திட்டினது. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் மட்டும் திட்டேல்லை. வெளியில இருந்து மிளகாய் வராது, வெங்காயம் வராது. கொழும்புக்காரன் கறி காய்ச்சிறதெண்டால் எங்கட செம்மண்ணைப் பார்த்துத்தான் ஆகோணும். கொழும்பு நாலாம் குறுக்குத் தெரு முதலாளி ஆள் அனுப்புவான், லொறி அனுப்புவான். லொறி சுன்னாகத்தில நிக்கேக்க நான் தலையைச் சொறிஞ்சுகொண்டு போவன். “என்ன செய்யிறது தம்பி, முறை பிழைச்ச மழை, காய் எல்லாம் அழுகிப்போச்சு, வீட்டுத் தேவைக்கே இல்லை” எண்டுவன். வீட்டு அறைக்குள்ள மூட்டை முகட்டைத் தொட்டுக்கொண்டு நிக்கும். பெரியம்மா தும்மித் தும்மியே ரெண்டு மாசம் மெலிஞ்சவ. மூண்டாம் நாள் அதே ஆள் வந்து விலையைக் கூட்டிச் சொல்லுவான். “சரி, உங்களுக்காக அங்க இஞ்ச கேட்டுப் பார்க்கிறன்” எண்டு சொல்லிப்போட்டு, வீட்டுக்கு வந்து என்னட்டையே கேட்டுப் பார்ப்பன். நானும் ஓமெண்டுவன்.

விதைச்ச செலவுக்கும் வித்த விலைக்கும் என்ன சம்மந்தம் எண்டு அப்ப ஆரும் என்னைக் கேக்கேல்லை. கேட்டிருந்தா அடிச்சிருப்பன்.

அந்த மிளகாய்க் காசில, தோட்டத்துக்கு ஒரு வோட்டர் பம்ப் வாங்கின பிறகு, எனக்கு ஒரு கார் ஆசை வந்தது. பார்த்தா, மிளகாய்க்குப் போட்ட அதே பூட்டுக் காருக்கும் விழுந்திருக்கு! புதுக் கார் வராது. ஊரில நிண்டதெல்லாம் பழைய மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ-40உம். இளைப்பாறின தபாலதிபர் ஒருத்தரிட்ட ஒரு ஏ-40 நிண்டது. போனன். மனிசன் திண்ணையில இருந்து சுருட்டைப் பத்திக்கொண்டு, “விக்கிற யோசினை இல்லைத் தம்பி, பிள்ளையள் கவலைப்படுங்கள்” எண்டார். என்ர வாயில வாற அதே குரல், அதே இழுவை. தும்மல் சத்தம் மட்டும்தான் இல்லை. கொழும்புக்காரனிட்ட மூண்டு போகத்தில நான் உரிச்சதை மனிசன் ஒரு பின்னேரத்தில உரிச்சுப்போட்டார். அண்டையில இருந்து எனக்கு ஆரிலயும் கோவம் வாறதில்லை, மோனை. சாமான் எவன்ர அறைக்குள்ள இருக்கோ அவன் கார் சேல்காரன். அவ்வளவுதான்.

1977இல ஜே. ஆர். வந்து கதவைத் திறந்து விட்டார். வெளியில இருந்து மிளகாய் வந்து குவிஞ்சுது. யப்பான் காரும் வந்துது. கொப்பர் அப்ப எங்களோட தோட்டத்துக்கு வரத் துவங்கின புதுசு. தேர்தல் முடிய விலை இன்னும் ஏறும் எண்டு நான் குடுத்த பங்கை வில்லாமல் கட்டி வைச்சவர் ஆரெண்டு வீட்டில போய்க் கேட்டுப் பார். பதில் சொல்லாமக் கிணத்தடிப் பக்கம் போவார்.

பேந்து சண்டைக் காலம். 1990இல பாதையைப் பூட்டி, பெற்றோலைத் தடைசெய்தாங்கள். அந்த ஏ-40தான் மண்ணெண்ணையில ஓடினது. சூப்பிப் போத்தலில நாலு சொட்டுப் பெற்றோலை வைச்சு, காபரேற்றருக்குள்ள பீச்சி ஸ்ராட் ஆக்கி, பேந்து மண்ணெண்ணைக்கு மாத்தி விடுறது. பிள்ளைக்குப் பால் குடுக்க வாங்கின சூப்பியைக் காருக்குக் குடுத்த ஊர் இது. அந்த நேரம் பெற்றோல் வித்தவன் என்ன விலை வித்தான் எண்டு சொன்னா நீ நாளைக்குச் சிரிச்சுக்கொண்டு கார் வாங்குவாய். அதால சொல்லேல்லை.

சரி, நாளைக்கு வருவம்.

போகேக்க முகத்தை வீட்டில வைச்சிட்டுப் போ. கார் பிடிச்சிருந்தாலும் பிடிக்காத மாதிரி நிண்டு பழகு. முடிஞ்சா உன்ர மச்சான்காரனைக் கூட்டிக்கொண்டு போ. அவனுக்கு எதுவுமே பிடிக்காது, பிறவிக் குணம். கொம்மாவை மட்டும் கூட்டிக்கொண்டு போகாதை. அவ காரைக் கண்ட உடன, “தம்பி, பிள்ளையாரை இதில எங்க ஒட்டுறது?” எண்டு கேப்பா. அந்தக் கேள்வி ஒண்டுக்கே ரெண்டு லட்சம் கூடும். ஆவணியில கலியாணம் எண்டும் வாய் தவறிச் சொல்லிப்போடாதை. தவணை உள்ளவனைக் கண்டா விக்கிறவனுக்கு அவசரமே இருக்காது. நான் மிளகாய் வித்தவன், எனக்குத் தெரியும். நாலாம் குறுக்குத் தெருக்காரன் ஒரு நாள், “சித்திரை வருசத்துக்கு முதல் வேணும்” எண்டு வாய் விட்டான். அந்த வருசப் பிறப்புக்கு எங்கட வீட்டில எல்லாருக்கும் பட்டு.

நீ காரைச் சுத்திப் பார்த்துக்கொண்டு நிக்கேக்க அவன்ர போன் அடிக்கும். “ஓம் அண்ணை… இல்லை அண்ணை, இப்ப இஞ்ச ஒரு பார்ட்டி பார்த்துக்கொண்டு நிக்கினம்… கிளிநொச்சியில இருந்து வெளிக்கிட்டிட்டியளோ?” எண்டு உன்ர காதில விழக்கூடிய சத்தத்தில கதைப்பான். பயப்பிடாதை. அந்தக் கிளிநொச்சி அண்ணை அஞ்சு வருசமா வந்துகொண்டுதான் இருக்கிறார். இன்னும் ஆனையிறவு தாண்டேல்லை.

விளம்பரத்தில விலை போட்டிருக்காது. ‘அழைத்துப் பேசவும்’ எண்டு இருக்கும். இல்லாட்டி ஒரு சின்னத் தொகை போட்டிருப்பான். நீ சந்தோசத்தில ஓடிப் போனா அது முற்பணமாம், மிச்சம் லீசிங்காம். என்ர மகன் கனடாவில இருந்து சொன்னவன், அமெரிக்காவில அப்பிடி இல்லையாம். புதுக் காரின்ர கண்ணாடியில கொம்பனி குறிச்ச விலையை ஒட்டியே ஆகோணும் எண்டு 1958இலயே சட்டம் கொண்டு வந்திட்டாங்களாம். ஆனா காருக்குள்ள பூட்டுற அந்தச் சின்னச் சிப்புக்குத் தட்டுப்பாடு வந்த நேரம் அங்கயும் இதே கூத்துத்தான். ஒட்டின தாளுக்குப் பக்கத்தில இன்னொரு தாளை ஒட்டி, ‘சந்தை நிலவரத் திருத்தம்’ எண்டு எழுதி, ஆயிரக் கணக்கில டொலர் கூட்டினாங்களாம். 2022 தை மாதம் அங்க புதுக் கார் வாங்கின நூறு பேரில எண்பது பேருக்கு மேல குறிச்ச விலைக்கு மேல குடுத்ததெண்டு எட்மண்ட்ஸ் எண்ட நிறுவனம் கணக்கெடுத்துச் சொன்னது. போட் கொம்பனி முதலாளி தங்கட முகவர்மாரையே கூப்பிட்டு, உந்த வேலை செய்தா கார் தரமாட்டன் எண்டு வெருட்ட வேண்டி வந்தது. பார், அவங்களுக்கு ஒரு வசதி இருக்கு. குறிச்ச விலை எண்டு ஒண்டு இருக்கிற படியால், அதுக்கு மேல கேட்டா சண்டை பிடிக்கலாம். உனக்கு நாளைக்கு எதுக்கு மேல எண்டு சண்டை பிடிப்பாய்?

ஒரு வழி இருக்கு. காரின்ர புத்தகத்தை வாங்கிப் பார். பதிவுப் புத்தகத்தில சொந்தக்காரர் ஒருத்தர்தான் இருப்பார். “ஒரே கை அண்ணை, ஒரு டொக்டர் ஓடினது” எண்டுவான். டொக்டர்மார் ஓடாத கார் இந்த நாட்டில இல்லை. உண்மையில அந்தப் புத்தகம் ஓப்பின் பேப்பரில அஞ்சு கை மாறி வந்திருக்கும். கையெழுத்துப் போட்ட வெறும் படிவத்தோட புறோக்கரிட்ட இருந்து புறோக்கருக்கு. ஒருத்தனும் தன்ர பேருக்கு மாத்தமாட்டான், ஒவ்வொருத்தனும் தன்ர பங்கை மட்டும் ஏத்தி விடுவான். நீ செய்ய வேண்டியது, புத்தகத்தில இருக்கிற அந்தச் சொந்தக்காரரைத் தேடிப் பிடிச்சு ஒரு போன் எடு. “காரில ஏதும் பழுது இருக்கோ?” எண்டு கேளாதை, மனிசன் வாயை மூடும். “ஐயா, காரை மலிவாக் குடுத்திட்டியளாமே, ஊரில கதைக்கினம்” எண்டு கேள். மானம் பொறுக்காமல், எவ்வளவுக்குக் குடுத்தவர் எண்டு ரூபா சதத்தோட சொல்லும். அந்தத் தொகைக்கும் சேல்காரன் சொல்லுறதுக்கும் இடையில எத்தினை பேர் படுத்திருக்கிறாங்கள் எண்டு உனக்கு விளங்கும். விளங்கி என்ன, விலை குறையாதுதான். ஆனா பேசேக்க நாக்குக் கொஞ்சம் நேரா நிக்கும்.

கிலோமீற்றர் மீட்டரைப் பார்த்துச் சந்தோசப்படாதை. யப்பானில ஓடின தூரத்தை விட இஞ்ச இறங்கின பிறகு குறைவாக் காட்டுற கார் இருக்கு. கப்பல் பின்பக்கமா ஓடி வந்ததாக்கும். யப்பானில ஏலத்தில எடுக்கேக்க ஒரு தாள் குடுப்பாங்கள், ஒக்ஷன் சீற் எண்டு. அதில எத்தினை கிலோமீற்றர், எங்க அடி, என்ன தரம் எல்லாம் இருக்கும். அதைக் கேள். “அது துலைஞ்சுபோச்சு அண்ணை” எண்டால், சசி நம்பரைக் குறிச்சுக்கொண்டு வந்து நீயே தேடி எடுக்கலாம். மீட்டரைப் பார்க்கிறதை விட்டிட்டு பிரேக் மிதிக்கிற கட்டையைப் பார். ரப்பர் தேஞ்சு வழுக்குதெண்டால், மீட்டரில முப்பதாயிரம் எண்டு இருக்கிறது பகிடி.

குறைக்கச் சொன்னா கால்மிதி தருவான். இன்னும் குறைக்கச் சொன்னா பின் கமராவைக் காட்டுவான், அலோய் வீலைக் காட்டுவான், ஸ்ரேறிங்குக்குப் போட்ட தோல் உறையைத் தடவிக் காட்டுவான். தட்டுப்பாட்டுக் காலத்தில விலை குறையாது மோனை, சாமான்தான் கூடும். கடைசியா வாசனைப் போத்தல் ஒண்டைத் தொங்க விடுவான். அதோட பேச்சுவார்த்தை முடிஞ்சுதெண்டு அர்த்தம்.

லீசிங் பக்கம் கவனம். சண்டை முடிஞ்ச கையோட ஏ-9 ஆல முதல் வந்து இறங்கினது லீசிங் கொம்பனிதான். வீடு கட்டித் தர ஆள் வர முதல் ஓட்டோவுக்குக் கடன் தர ஆள் வந்திட்டான். 2022 சித்திரையில மத்திய வங்கி ஒரே நாளில வட்டியை 7 வீதத்தால உயத்தினது ஞாபகம் இருக்கோ? அந்த நேரம் கையெழுத்து வைச்ச ஆக்கள் இண்டைக்கும் கார் ஓடுறதைக் குறைச்சு, கட்டுறதைக் கூட்டிக்கொண்டு திரியினம். சேல்காரன் உன்னட்டை காரின்ர விலையைச் சொல்லவே மாட்டான், “மாசம் இவ்வளவுதானே அண்ணை” எண்டுவான். ஒரு துண்டுக் கடுதாசியில மாசத்தை அறுபதால பெருக்கி, முற்பணத்தைக் கூட்டி, அவனுக்கு முன்னாலயே எழுது. பெருக்கத் தெரிஞ்ச ஆளெண்டு கண்டா ஃபானைத் திருப்பி எடுத்திடுவான்.

நீ கேக்கப் போறாய், அப்ப பொறுத்திருந்து புதுசு வாங்கலாமே, கதவைத் திறந்திட்டாங்கள்தானே எண்டு. கொம்மாவும் இதைத்தான் சொல்லிச் சொல்லி மூண்டு வருசம் உன்னை மோட்டார் சைக்கிளில வைச்சிருந்தவ. திறந்தாங்கள்தான், ஆனா எப்பிடித் திறந்தாங்கள் பார்த்தியோ? திறக்கேக்க இறக்குமதித் தீர்வை 20 வீதம், அந்தத் தீர்வைக்கு மேல அதின்ர அரைவாசி இன்னொருக்கா, பேந்து எஞ்சின் பருமனைப் பார்த்து உற்பத்தி வரி, இவ்வளவையும் கூட்டி வாற தொகைக்கு மேல 18 வீதம் பெறுமதி சேர் வரி, விலை கூடினா ஆடம்பர வரியும். வரிக்கு வரி, அதுக்கும் வரி. நீ கார் சேல்காரனைத் திட்டுறாய். இந்த நாட்டில ஆகப் பெரிய கார் சேல் கொழும்புத் துறைமுகத்துக்குப் பக்கத்தில சுங்கத் திணைக்களம் எண்டு பலகை போட்டு நடக்குது. அங்க பிளேன்ரீயும் தரமாட்டாங்கள்.

அதைப் பார்த்துப் பழைய கார்க்காரன் சும்மா இருப்பானோ? கார் வராத காலத்தில, வரேல்லை எண்டு ஏத்தினவன். இப்ப, வந்தது இந்த விலை எண்டால் என்ர இந்த விலை நியாயம்தானே எண்டுறான்.

இன்னொரு கூட்டம் இருந்தது, கார் இல்லாமலே கார் வித்தது. வரி குறைச்ச பேர்மிட் எண்டு அரசாங்கம் பெரிய உத்தியோகத்தருக்கும் பாராளுமன்ற உறுப்பினருக்கும் குடுத்துக்கொண்டிருந்தது. காகிதத்தை வாங்கின கையோட வியாபாரிக்கு மாத்திக் காசாக்கின ஆக்கள் எத்தினை பேர். எங்களுக்குச் சமத்துவம் பற்றி மேடையில பேசினவையும் அதுக்குள்ள இருக்கினம். அவையைக் கண்டா நான் எழும்பி நிக்கிறனான். நான் மிளகாயைக் காட்டித்தான் வித்தனான், அவை விதைக்க முதலே வித்தவை.

ஆனா மற்றவையைச் சொல்லி என்ன? சந்தியடி மாஸ்டரைப் பார். 2021இல தன்ர வாகன் ஆரை வித்து, நல்ல லாபம் எடுத்தனெண்டு கோயில் வீதியெல்லாம் சொல்லிக்கொண்டு திரிஞ்சார். மூண்டு மாசம் சைக்கிளில போனார். நாலாம் மாசம் முழங்கால் நோ. கார் வாங்கப் போனா, அவர் வித்த விலையை அவருக்கே சொல்லுறாங்கள், மேல கொஞ்சம் கூட்டி. அதே வருசத்து, அதே நிறத்து வாகன் ஆர் ஒண்டை வாங்கிக்கொண்டு வந்தார். ரெண்டு பக்கமும் புறோக்கருக்குக் கொமிசன். “அநியாயம், பகல் கொள்ளை” எண்டு இப்ப வாசிகசாலையில இருந்து கத்துறார். விக்கேக்க அதுக்குப் பேர் சந்தை நிலவரம், வாங்கேக்க பகல் கொள்ளை. மனிசனிட்ட நான் ஒண்டும் கதைக்கிறேல்லை, எனக்குச் சிரிப்பு அடக்கேலாது.

2022 பெற்றோல் வரிசைக் காலத்தில இன்னும் வடிவு. கியூ.ஆர். காட்டினாத்தான் பெற்றோல், காருக்கு 20 லீற்றர், ஓட்டோவுக்கு 5, மோட்டார் சைக்கிளுக்கு 4. ஓடுற காரோ ஓடாத காரோ எண்டு அந்தப் பெட்டிக்கோட்டுக்குத் தெரியுமே? வேப்ப மரத்துக்குக் கீழ செங்கல்லில நிண்ட காருக்கெல்லாம் மவுசு வந்திட்டுது. காரை விட அதின்ர பங்குக்கு விலை. நீயும் அப்ப உன்ர மோட்டார் சைக்கிளின்ர நாலு லீற்றரில மிச்சத்தை ஆருக்கோ என்ன விலைக்குக் குடுத்தனி எண்டு எனக்குத் தெரியும். முகத்தைத் திருப்பாதை. குடும்பத்து ரத்தம்.

இவ்வளவையும் கேட்ட பிறகு, என்ன விலை சொல்லோணும் எண்டு உனக்கு யோசினை வரும். அவன் சொல்லுறதில எவ்வளவு குறைச்சுக் கேக்கிறதெண்டு என்னைக் கேளாதை. சொன்ன விலையைத் திருப்பிச் சொல்லாமல், “ம்” எண்டு மட்டும் சொல்லிப்போட்டு வெளிய வந்து, மச்சானோட சேர்ந்து ஒரு ஐஸ்கிறீம் குடி. பின்னேரம் அவனே போன் எடுத்தா, கார் கன நாளா நிக்குதெண்டு அர்த்தம். எடுக்காட்டி, உன்ர முகத்தை நீ வீட்டில வைச்சிட்டுப் போகேல்லை எண்டு அர்த்தம்.

என்ன, கொட்டில் பக்கமாப் பார்க்கிறாய்? அந்த அல்ரோவோ? அது மகன் வாங்கித் தந்தது. 2015 தையில இடைக்கால வரவு செலவுத் திட்டத்தில சின்னக் காருக்கு வரி குறைச்சாங்கள்; குறைச்ச கையோட வாங்கினது. நான் கோயிலுக்கும் கடைக்கும் மட்டும்தான் ஓடினனான். ஒரே கை. புத்தகத்தில என்ர பேர், கையிலயும் என்ர கைதான், போன் எடுத்துப் பார்க்கத் தேவையில்லை. பிரேக் ரப்பரைப் பார், புதுசு. போன கிழமைதான் மாத்தினது.

என்ன விலைக்கு வாங்கினதெண்டு கேட்டாய், சரிதானே? அது பழைய கதை மோனை, அதுக்கும் இதுக்கும் சம்மந்தமில்லை. இப்ப ஒண்டை இறக்கினா என்ன விலை வரும் எண்டு யோசிச்சுப் பார். சொந்தப் பிள்ளையெண்ட படியால் ஒரு கதை கதைக்கலாம். கால்மிதி நாலும் தருவன். பிள்ளையாரும் ஒட்டி இருக்கிறார், கொம்மாவுக்கு அந்தக் கவலையும் இல்லை. ஆவணியில கலியாணம் எண்டுதானே சொன்னவ?

விக்கிற யோசினை எனக்கு இல்லைத் தம்பி, பெரியம்மா கவலைப்படுவா. நீ ஆறுதலா யோசிச்சுச் சொல்லு, ஒரு அவசரமும் இல்லை. கிளிநொச்சியில இருந்து ஒருத்தர் பார்க்க வாறனெண்டு காலமை போன் எடுத்தவர், அதுதான் ஒரு சின்ன யோசினை. இப்ப ஆனையிறவு தாண்டியிட்டாராம்.